தேசப்பனின் ஆறுமணிக்குருவி

ஷிப்டு முடிந்து மில் கேட்டைத் தாண்டியதும் தேசப்பன் நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போகமாட்டான். கேட்டுக்கு இடதுபுறம் காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. அதன் கீழே போய் நின்று முதலில் வலது காதிலிருந்தும், பிறகு இடது காதிலிருந்தும் பனியன் வேஸ்ட்டைப் பிடுங்குவான். மெஷின் துடைக்க மூட்டைமூட்டையாக வந்திறங்கும் துணிக்கழிவு அது. அதில் கொஞ்சம் பிய்த்து, எச்சில் தொட்டுத் திரித்துக் காதில் அடைத்துக்கொள்வது ரோலிங் மில்லில் எல்லாருக்கும் வழக்கம். எடுத்த திரிகள் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுப் பித்தானை மாட்டுவான். பிறகு கண்ணை மூடிக்கொள்வான்.

மூடியதும் ஒன்றும் இருக்காது. எட்டு மணி நேரம் கேட்ட இரைச்சலின் பாக்கி ஒரு நீள ரீங்காரமாக உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கிழித்துக்கொண்டு முதலில் லாரி ஹாரன் வரும். பிறகு காக்கை. காக்கைக்குப் பின்னால் மைனா, மைனாவுக்குப் பின்னால் கிளிக்கூட்டம். தடித்த குரல் முன்னால், மெல்லிய குரல் பின்னால் என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஒரு பீடி புகைத்து முடிக்கிற நேரம் கழித்து, தேன்சிட்டு வரும். அது வந்த பிறகுதான் தேசப்பன் கண்ணைத் திறப்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தேன்சிட்டு தாமதமாக வர ஆரம்பித்தது. இரண்டு பீடி நேரம் ஆனது, மூன்று ஆனது. ஒரு நாள் வரவேயில்லை. பஸ் போய்விடும் என்று கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தான். தலைக்கு நேர் மேலே, கைக்கெட்டும் கிளையில், ஆண் தேன்சிட்டு உட்கார்ந்திருந்தது. அலகு திறந்து மூடிக்கொண்டிருந்தது. தொண்டை நடுங்குவதுகூடத் தெரிந்தது. சத்தத்தை மட்டும் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

தேசப்பனுக்கு நாற்பத்தொரு வயது. கும்மிடிப்பூண்டிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டிய காலனியில் வீடு. அப்பா நாற்று நட்ட நிலத்தில் இப்போது ஏதோ கம்பெனியின் லாரி ஷெட் இருக்கிறது. அவன் பதினேழு வருஷமாக ஒரே மில்லில், ஒரே கான்டிராக்டர் கையில், கம்பி உருட்டுகிற வேலை பார்க்கிறான்.

பறவைப் பித்து அவனுக்கு மில்லுக்குள்ளேயேதான் பிடித்தது. ஒன்பது வருஷத்துக்கு முன், யார்டில் கொட்டியிருந்த மணல்மேட்டில் பஞ்சுருட்டான்கள் பொந்து தோண்டிக் குஞ்சு பொரித்திருந்தன. மணல் அள்ள வந்த ஜேசிபி டிரைவரிடம், "அடியில கரண்டு கேபிளு போவுது நைனா, கை வெக்காத" என்று சொல்லி மூன்று வாரம் நிறுத்தி வைத்தான். கேபிளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. குஞ்சுகள் பறந்து போன அன்றைக்குத்தான் அவன் கூட்டாளி மணிகண்டனுக்கு விஷயம் தெரிந்தது.

"அவனவன் காக்கா குருவின்னா கல்ல வுட்டு அடிப்பான். இந்தாளு அதுக்கு வாட்ச்மேன் டூட்டி பாக்குறாரு. இன்னா குருவிக்காரரே, ஓவர்டைம் உண்டா அதுக்கு?"

அதிலிருந்து அவன் பெயர் குருவிக்காரர். பழைய பைனாகுலர் ஒன்று பர்மா பஜாரில் கிடைத்தது. தமிழில் பறவைப் பெயர் சொல்லும் வாட்ஸப் குழு ஒன்றில் யாரோ சேர்த்துவிட்டார்கள். லீவு நாளில் பழவேற்காட்டுக்கும் ஏரிக்கரைகளுக்கும் போய், பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் எழுதிப் போடுவான். இருநூற்றுப் பன்னிரண்டு வகை ஆகியிருந்தது. ஆறுமணிக்குருவி மட்டும் அகப்படவில்லை. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரட்டை விசிலாகக் கூப்பிடுகிற பறவை அது. பச்சை, நீலம், செம்மண், சிவப்பு என்று உடம்பு முழுக்க நிறத்தை வைத்துக்கொண்டு, சருகுக்குள் இருட்டிலேயே நடமாடும். குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கிலிருந்து வரும்.

அந்த மில்லில் கான்டிராக்ட் ஆளுக்கு உடம்பைப் பற்றி ஒரே பதில்தான் உண்டு. பதினொரு வருஷத்துக்கு முன், உருளையிலிருந்து நழுவிய சிவப்புக் கம்பி பாம்பு மாதிரி எழும்பி அவன் இடது தோளில் விழுந்தது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். இருபது நாள் கழித்துப் போனபோது சூப்பர்வைசர் கேட்டார்: "இன்னாப்பா, ஆறிடுச்சா?"

"சூப்பரா ஆறிடுச்சி சார்."

அன்று பக்கத்தில் நின்ற இன்னொருவன், கை தூக்கினால் இன்னும் வலிக்கிறது என்று உண்மையைச் சொன்னான். மறுநாள் அவனுக்கு கேட் பாஸ் கிடைக்கவில்லை. தேசப்பன் வீட்டிலும் அதையேதான் சொன்னான். சூப்பரா ஆறிடுச்சி. சொல்லிச் சொல்லி நாக்குக்கு அதுவே பழகிவிட்டது.

காது விஷயமும் அப்படித்தான் போயிருக்கும். பொன்னேரியில் ஒரு காது டாக்டரிடம் ரகசியமாகப் போய் வந்தான். இரண்டு காதுக்கும் கண்ணாடி அறையில் சத்தம் விட்டுப் பார்த்து, ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கோடு வலதுபக்கம் போகப் போகப் பள்ளத்தில் இறங்கியது. "மெல்லிசான சத்தமெல்லாம் போயாச்சு. போனது வராது. மில்ல விட்டா மிச்சம் நிக்கும். விடலன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல பேச்சும் கேக்காது." அந்தத் தாளை எட்டாக மடித்து பைனாகுலர் உறைக்குள் வைத்தான். மனைவி முத்தம்மா உறையை வெயிலில் காயவைக்கும்போது தாள் கீழே விழுந்தது. அவள் எட்டாவது வரை படித்தவள். பள்ளத்தில் இறங்குகிற கோடு என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் போன ஐப்பசியில் நௌஷீன் போன் செய்தாள். பழவேற்காட்டு எறால் வியாபாரக் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும். சென்னையில் ஒரு பறவை அமைப்பில் வேலை. குழுவில் தேசப்பன் எழுதுவதையெல்லாம் வருஷக்கணக்காகப் படித்து வருபவள்.

"தேசப்பண்ணா, ஊத்துக்கோட்டை மலையடிவாரக் காட்டுல ரெண்டு வருஷத்துக்கு சர்வே எடுக்கப் போறோம். கூடவே இருக்க ஒரு ஆள் வேணும். மாசச் சம்பளம். மில்லு வேலைய விட்டுடலாம். உங்க ஞாபகம்தான் வந்துச்சு."

அவன் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான்.

"அது புதர்க்காடு. பத்துப் பறவைன்னா மூணுதான் கண்ணுல மாட்டும், ஏழு காதுலதான். அதனால உங்ககூட ஒரு நாள் நடந்து பாத்துட்டு எழுதுறேன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்கேன். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"வந்துட்றேன்மா" என்றான். காது எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சூப்பரா கீது என்று சொல்லியிருப்பான்.

அன்றிரவு சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். முத்தம்மா ரசத்தை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"உனுக்கு எது எது கேக்கல?"

"செம்போத்து, மயிலு, புறா, கொண்டலாத்தி எல்லாம் கேக்குது மே. சின்னச் சின்னதுதான். ஒரு அஞ்சாறு."

"எனுக்குக் கேக்குமில்ல?"

மறுநாளிலிருந்து அரிசி டின் மேல் போன் ஏறி, பறவைக் குரல்களாகப் போட்டது. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் கேட்டாள். பறவையின் பெயரை மட்டும் அவள் நாக்கு ஏற்கவில்லை.

"இது இன்னா?"

"கத்தரிக்கோலு."

"பூங்கொத்தி மே. பேர சொல்லு."

"பேரு உனுக்குய்யா. எனுக்குக் கத்தரிக்கோலு. டிக்கு டிக்குன்னு வெட்டுதில்ல? உன் தோளுல ஒரு தட்டு. அடுத்தத போடு."

தேன்சிட்டு ரீசார்ஜ் மெசேஜ் ஆயிற்று, இரண்டு தட்டு. கதிர்க்குருவி தையல் மிஷின், மூன்று தட்டு. மின்சிட்டுக்கு எண்ணெய் போடாத சைக்கிள் செயின், நான்கு. மாம்பழச்சிட்டுக்கு ஐந்து. கடைசியாக அவன் ஆறுமணிக்குருவியைப் போட்டான். போனைக் காதோடு ஒட்டி வைத்தால் அவனுக்கும் அது கொஞ்சம் கேட்டது. முத்தம்மா சிரித்துவிட்டாள்.

"இன்னாய்யா இது, பஸ்ஸு கண்டக்டரு ரைட்டு குடுக்குறான்!"

"இது மட்டும் வந்திச்சின்னா ரெண்டு விரலையும் சேத்து, வுட்டு வுட்டு ரெண்டு வாட்டி வையி. வாய மட்டும் தொறக்காத. நீ ஒரு வார்த்த பேசினா எல்லாம் போச்சி."

இரவு விளக்கணைத்த பிறகு அவள் கேட்டாள், அவன் காதுப் பக்கமாகத் திரும்பி: "பொய்யில்ல இது?"

"பறவ அங்க கீது. நான் இல்லாதத சொல்லல." புரண்டு படுத்து, "எனுக்கு வேற இன்னா வழி கீது, சொல்லு" என்றான்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ் பிடித்து, பெரியபாளையத்தில் மாறி, ஊத்துக்கோட்டையில் இறங்கும்போது விடிந்திருந்தது. நௌஷீன் ஜீப்போடு நின்றாள். கூட அந்தோணி என்று ஒரு வங்கி ஊழியர், கழுத்தில் குழந்தையைப் போல ஒரு கேமரா தொங்கிக்கொண்டிருந்தது.

"சம்சாரம்மா. அவங்க அத்த ஊடு இந்தாண்டதான். அப்டியே பாத்துக்கினு போலாம்னு..." என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான்.

"வரட்டும் வரட்டும். அக்கா, நடப்பீங்களா?" என்றாள் நௌஷீன்.

"நடக்காம இருந்தா ஊடு இன்னா ஆவும்" என்றாள் முத்தம்மா. அதன் பிறகு நடக்கும்போதெல்லாம் அவள் வாயைத் திறக்கவில்லை.

காடு என்றால் வானத்தை மறைக்கிற காடு இல்லை. காரையும் களாவும் சூரையும் முட்டி மோதிக்கொண்டு நின்றன. நடுநடுவே உசிலை, வேம்பு. போன வாரத்து மழையில் செம்மண் ஊறி, சருகு சத்தமில்லாமல் மிதிபட்டது. தேசப்பன் முன்னால் நடந்தான். அவன் முதுகை ஒட்டி முத்தம்மா, பின்னால் மற்ற இருவர்.

முதல் அரை மணி நேரம் தெரிந்த குரல்கள். செம்போத்து என்றான், தவிட்டுக்குருவி என்றான். நௌஷீன் எழுதிக்கொண்டாள். பிறகு அவன் வலது தோளில் விரல் நுனி ஒன்று பட்டு எடுத்தது. ஒன்று. நின்றான்.

"பூங்கொத்தி" என்றான்.

"ஆமா, ஆமா! எனக்கு இப்பதான் கேக்குது" என்றாள் நௌஷீன். "செம காது அண்ணா உங்களுக்கு."

"நம்ம காதெல்லாம் ஹெட்ஃபோன் போட்டே போச்சு" என்றார் அந்தோணி.

தேசப்பனுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் நின்று வெட்கப்பட நேரமில்லை. வலது தோளில் மூன்று. வலது தோளில் நான்கு. ஒவ்வொரு முறையும் ஒரு மூச்சு விட்டு, தலையைச் சாய்த்து, அப்புறம் பெயரைச் சொன்னான். அவள் ஒரு முறைகூடத் தவறவில்லை. அடுத்த தட்டுக்காக உடம்பு முழுவதும் தோளாகிக் காத்திருப்பது, பன்னிரண்டு மணி நேர ஓவர்டைமை விட அலுப்பாக இருந்தது.

ஒரு இடத்தில் மட்டும் அவன் யாருடைய விரலும் இல்லாமல் நின்றான். கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினான். பத்தடி தூரத்தில் சருகுக் குவியல். ஐந்து நிமிஷம் ஆகியும் மற்றவர்களுக்கு அது சருகாகத்தான் தெரிந்தது. "அந்தக் காஞ்ச குச்சிக்குக் கீய, கண்ண மூடிக்கினு கீது பாருங்க." சருகின் ஒரு துண்டு மூச்சு விட்டது. பக்கிக்குருவி. அந்தோணி மண்ணில் படுத்துப் படமெடுத்தார். நௌஷீன் தேசப்பனைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அந்த ஐந்து நிமிஷமும் அவன் யாரையும் ஏமாற்றவில்லை. அதை நினைத்தபோதுதான் மீதி நேரம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு அழுகை முட்டியது.

மத்தியானம் ஒரு பாறைமேல் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டார்கள். முத்தம்மா சட்டென்று அவன் இடது தோளிலிருந்து எதையோ சுண்டிவிட்டாள்.

"முசுறு எறும்பு. சட்டக்குள்ள பூந்து கடிச்சிக்கினு கீது. தெரியலயா உனுக்கு?"

"கவனிக்கல" என்றான். உண்மையிலேயே அவன் கண் புதரில் இருந்தது.

நௌஷீன் தள்ளி வந்து உட்கார்ந்தாள். குரலைத் தணித்தாள். தணித்ததால் அவன் அவள் உதட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அண்ணா, வெளிப்படையா சொல்றேன். இன்னொரு பையன் பேரும் ஆபீஸ்ல ஓடுது. ஜூவாலஜி படிச்சவன். எனக்கு நீங்கதான் வேணும். இந்தக் காட்டு லிஸ்ட்ல நூத்தம்பது இருக்கு. இன்னிக்கு புதுசா ஒண்ணு, நீங்க கண்டுபிடிச்சதுன்னு நான் எழுதினா, யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நாளைக்கு அனுப்பணும்."

"ஆறுமணிக்குருவி இங்க லிஸ்ட்ல கீதாமா?"

"இல்ல. வரும்னு சொல்றாங்க. யாரும் கேட்டதில்ல."

அதற்கப்புறம் அவன் மனசில் மணி ஆறு மட்டும்தான் இருந்தது. மூன்று மணிக்கு இருந்த வெயில் நான்குக்கு மஞ்சளாயிற்று. புதிதாக ஒன்றுமில்லை. மின்சிட்டுக் கூட்டம் ஒன்று போயிற்று, நான்கு தட்டு. ஏற்கனவே எழுதியதுதான். நான்கரைக்கு அந்தோணி முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேமரா ஸ்டாண்டு தோளை அறுக்கிறது என்றார். இரும்பும் ரப்பருமாக நல்ல கனம்.

"குடுங்க சார், அவ தூக்குவா" என்றான் தேசப்பன். அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவனே வாங்கி முத்தம்மாவின் வலது தோளில் சாய்த்து வைத்தான். அன்று அவன் எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலையில் இருந்தான். அவள் வலது கையால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். பேசக்கூடாது என்று உத்தரவு.

ஆறுக்குப் பத்து நிமிஷம். ஓடைக்கரையில் ஈச்சம்புதரும் காரையும் அடர்ந்து, கீழே சருகு கருத்துக் கிடந்தது. ஆறுமணிக்குருவிக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்கச் சொன்னால் இதைத்தான் கட்டுவார்கள். தேசப்பன் கை காட்டினான். நால்வரும் வரிசையாக நின்றார்கள். நௌஷீன் போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கையை நீட்டிப் பிடித்தாள்.

அவன் கண்ணை மூடினான். மில் வாசல் மரத்தடி மாதிரியே. ரீங்காரம் ஓடியது. அதற்கு அப்பால் தூரத்தில் மயில் ஒன்று கத்தியது. செம்போத்து இரண்டு தரம். பிறகு ரீங்காரம் மட்டும். வா, வா, என்று உள்ளே கெஞ்சினான். யாரைக் கெஞ்சினான் என்று அவனுக்கே தெரியாது, பறவையையா, முத்தம்மாவின் விரலையா. கேட்காத காதையே கெஞ்சினாலும் கெஞ்சியிருப்பான். வலது தோள் ஊசி போல் விழித்திருந்தது. அங்கே ஒன்றும் வந்து உட்காரவில்லை.

எத்தனை நேரம் நின்றான் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. இங்கே இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு அடர்த்தி தெரிந்தது. ஐந்து நிமிஷத்தில் போனால் பிடிக்கலாம். இருட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவன் நடந்தான். ஒரு எட்டு, இரண்டு எட்டு, எட்டு எட்டு.

காலடியிலிருந்து ஒரு காரைச்செடி வெடித்தது. பச்சை, இறக்கையில் பற்றிக்கொண்ட நீலம், வாலடியில் ரத்தச் சிவப்பு. முழங்கால் உயரத்தில் ஓடையைத் தாண்டி இருட்டுக்குள் போய் அணைந்தது. ஒன்பது வருஷமாகத் தேடியதை ஒரு கண்ணிமைப்புக்குப் பார்த்துவிட்டான்.

திரும்பினான். மூன்று பேரும் பழைய இடத்திலேயே, சொல்லிவைத்தாற்போல அசையாமல் நின்றிருந்தார்கள். நௌஷீனின் ஒரு கை அவனை நிறுத்துவதற்காக உயர்ந்து அப்படியே நின்றுவிட்டிருந்தது. எல்லாரும் நின்ற இடத்தில் அவன் ஒருவன் மட்டும் நடந்திருக்கிறான்.

"அண்ணா... அது கூப்ட்டுட்டே இருந்துச்சே. ஏன் நடந்தீங்க?"

"கேட்டுச்சிமா" என்றான். வாய் தானாகச் சொல்லிற்று. "கிட்ட போயி பாக்கலாம்னு..."

நௌஷீன் மெதுவாகக் கையை இறக்கினாள். "ரெண்டு பறவை. ஒண்ணு கூப்ட இன்னொண்ணு பதில் சொல்லுது. நீங்க கெளப்பினது ஒண்ணு. இன்னொண்ணு எந்தப் பக்கம்?"

அவன் சுற்றிலும் பார்த்தான். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருண்டிருந்தது.

"இப்பவும் கூப்டுதுண்ணா" என்றாள் அவள்.

அந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு அவன் நின்றான். காற்றில் எங்கேயோ அந்த இரட்டை விசில் இருக்கிறது. மற்ற மூன்று பேரும் அதற்குள் நிற்கிறார்கள். அவன் மட்டும் வெளியே நிற்கிறான். முத்தம்மாவைப் பார்த்தான். ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு நின்ற அவள் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடதுபக்கம் ஓட்டினாள். தேசப்பன் இடதுபக்கம் கை காட்டினான்.

நௌஷீன் அவன் கையைப் பார்க்கவில்லை. முத்தம்மாவின் கண்ணைப் பார்த்தாள். காலையிலிருந்து அவன் முதுகை ஒட்டியே நடந்த பெண்ணை முதல் தடவையாக அவள் முழுதாகப் பார்த்தாள்.

அந்தோணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சரிண்ணா, இருட்டுது. போலாம்" என்றாள் நௌஷீன். ஒலிப்பதிவை நிறுத்தினாள். ஜீப் வரைக்கும் அவள்தான் முன்னால் நடந்தாள்.

பஸ்ஸில் இருவரும் மூவர் சீட்டில் ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். பெரியபாளையம் தாண்டியதும் முத்தம்மா சொன்னாள்: "கண்ணக் காட்டினது என் தப்புதான்யா."

தேசப்பன் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கண்ணைக் காட்டியதா தப்பு? காலையிலிருந்து கத்தரிக்கோலுக்கும் தையல் மிஷினுக்கும் தட்டியவள், எதற்காக வந்தோமோ அதற்குத் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று கேட்டுவிட வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. கேட்டால் அடிப்பதைவிட மோசமாக ஏதாவது பேசிவிடுவோம் என்று பயந்தான்.

"வுடு" என்றான்.

அவள் அவன் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாள். என்னவோ கேட்க வந்தவள், கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, ஷிப்டு முடிந்து மரத்தடியில் நிற்கும்போது நௌஷீனின் செய்தி வந்தது. காட்டின் நூற்று ஐம்பத்தோராவது வகை: ஆறுமணிக்குருவி, இரண்டு. பார்த்தவர், கேட்டவர் என்று நான்கு பெயர்கள். முதல் பெயர் தேசப்பன், நான்காவது முத்தம்மா. கீழே தனியாக எழுதியிருந்தாள். ஜூவாலஜி படித்த பையனையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று. பக்கிக்குருவியைப் பற்றி ஆபீஸ் முழுக்கச் சொன்னதாக. கடைசியாக, 'ஏண்ணா எங்கிட்ட சொல்லல?'

அவன் பதில் எழுத உட்கார்ந்தான். சூப்பரா கீறேன்மா என்று எழுதி, அழித்துவிட்டு, போனைப் பையில் போட்டான்.

மறுநாள் மில்லுக்குள் நுழையும்போது வழக்கத்தைவிடப் பெரிய திரியாகத் திரித்தான். "இன்னா குருவிக்காரரே, காதுக்குத் தலகாணியா வெக்கிற?" என்றான் மணிகண்டன். ஷிப்டு முடிந்து மரத்தைத் தாண்டி நேராக பஸ் ஸ்டாப்புக்குப் போனான். இப்போதெல்லாம் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் காதிலிருந்து பனியன் வேஸ்ட்டை எடுக்கிறான். பைனாகுலர் பரண்மேல் இருக்கிறது. முத்தம்மாவோடு அவன் பேசுவது சாப்பாடு, தண்ணீர் லாரி, கரண்ட் பில் என்கிற அளவில் நின்றுவிட்டது. அவள் உரக்கப் பேசுவாள், அவனுக்குக் கேட்கட்டும் என்று. தன்னைத் திட்டுகிறாள் என்று அவன் எடுத்துக்கொள்வான்.

மீதி, போகிக்கு முந்தின நாள்தான் தெரிய வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்க அவன் முற்றத்தில் குந்தியிருந்தான். பின்னால் நின்று தலைக்குத் தேய்த்துக்கொண்டிருந்த முத்தம்மா கையை நிறுத்தினாள். இரண்டு விரலைச் சேர்த்து அவன் இடது தோளில், பளபளவென்று இழுத்துக்கொண்டிருக்கும் பழைய தழும்பின் மேல், விட்டு விட்டு இரண்டு முறை வைத்தாள். அவன் திரும்பவில்லை. வெந்நீர் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு முறை வைத்தாள். பிறகு அதே இரண்டு விரலை வலது தோளுக்குக் கொண்டுபோனாள். "இன்னா மே?" என்று சட்டென்று திரும்பினான்.

அந்த இடது தோளில் உணர்ச்சி செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. அவன் யாருக்கும் சொன்னதில்லை. அன்று மாலை ஓடைக்கரையில், வலது கை ஸ்டாண்டைப் பிடித்திருந்ததால் இடது கையை நீட்டி, முத்தம்மா அங்கே இரண்டிரண்டாக ஐந்து முறை தட்டியிருந்தாள்.